முந்தி வந்த படகு

தேயிலைப் பொட்டலத்தின் மேல் லிப்டன் என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். இலங்கை மலைச் சரிவுகளில், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன ஏழை ஜனங்கள் பறித்துக் கொடுத்த கொழுந்தை உலகமெல்லாம் விற்றுக் கோடீசுவரரானவர் ஸர் தாமஸ் லிப்டன். பணத்தால் வாங்கக் கூடியதையெல்லாம் அவர் வாங்கிவிட்டார். வாங்க முடியாமற் போனது ஒரே ஒரு வெள்ளிக் கோப்பை. 'அமெரிக்கா' என்ற பாய்க்கப்பலின் பெயரால் வழங்கும் அந்தப் பந்தயக் கோப்பைக்காக 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை போட்டியிட்டார். ஐந்து தடவையும் தம் படகுக்கு ஷாம்ராக் என்றே பெயர் வைத்தார். ஐந்து தடவையும் வெறுங்கையோடு திரும்பினார்.

நான் சொல்ல வந்தது நாலாவது ஷாம்ராக்கின் கதை. வருஷம் 1920. நியூயார்க்குக்கு வெளியே திறந்த கடல். ஐந்து ஓட்டங்களில் மூன்றில் ஜயிப்பவருக்குக் கோப்பை. முதல் இரண்டையும் ஷாம்ராக் ஜயித்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. மூன்றாவது ஓட்டம், 30 கடல் மைல். ஷாம்ராக் அதை 4 மணி 3 நிமிஷம் 6 விநாடியில் ஓடி முடித்தது. எதிரிப் படகான ரெஸொல்யூட் எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு தெரியுமா? 4 மணி 3 நிமிஷம் 6 விநாடி! வித்தியாசம் ஒரு விநாடிகூட இல்லை. இப்படி ஒரு அதிசயம் நூறு வருஷத்துக்கு ஒரு முறை நடந்தால் பெரிது. உடனே முடிவையும் அறிவித்தார்கள்: 7 நிமிஷம் 1 விநாடி வித்தியாசத்தில் ரெஸொல்யூட்டுக்கு வெற்றி.

அச்சுப்பிழை என்று நினைத்துப் பத்திரிகை ஆசிரியரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிவு அதுதான். ஷாம்ராக்குக்குப் பாய் அதிகம். ஆகையால் அது வேகமாகப் போக வேண்டிய படகு. ஆகையால் அது எதிரிக்கு 7 நிமிஷமும் சொச்சமும் கடன்பட்டது என்று ஓட்டத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஹாண்டிகாப் என்று பெயர்.

லிப்டனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அடுத்த இரண்டு ஓட்டங்களிலும் ரெஸொல்யூட் கண்ணெதிரிலேயே முந்திற்று. அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. 1930-இல் அந்தக் கோப்பைக்கான போட்டியில் நேரச் சலுகையையே எடுத்துவிட்டு, ஒரே தரத்துப் படகுகளை ஓட்டினார்கள். அப்போது லிப்டன் நாலு ஓட்டத்திலும் தோற்றார். அமெரிக்க ஜனங்கள் பணம் திரட்டி, தோல்வியை இவ்வளவு அழகாகத் தாங்குகிறவர் வேறு யார் என்று அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். அந்தத் தோல்வியைப் படிக்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. 1920-ஆம் வருஷத்து மூன்றாவது ஓட்டத்தைப் படிக்கும்போதோ வயிறு எரிகிறது.

இந்த வயிற்றெரிச்சலை என் நண்பர் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். கடற்கரை நகரம் ஒன்றில் படகுக் கழகம் ஒன்றுக்குச் சம்பளமில்லாத கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கு இந்த நேரச் சலுகைக் கணக்கைப் போடுகிறவர் அவர்தான். "ஓய், நீர் கதை எழுதுகிறவர். உமக்கு யார் முன்னால் வந்தான் என்பதுதான் பெரிசு. எங்களுக்கு யார் முன்னால் வந்திருக்க வேண்டும் என்பது பெரிசு" என்பார்.

அந்த வாக்கியத்தை நன்றாகப் பாருங்கள். என் வழக்கு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் அவர் என்னை ஒரு பந்தயத்துக்கு அழைத்துப் போனார். பத்துப் பன்னிரண்டு படகுகள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஒன்று புதுசு, ஒன்று கிழம். உள்ளூர் இளைஞன் ஒருவன் முதலில் வந்து சேர்ந்தான். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையில் குதித்தான். அவன் மனைவி துண்டை நீட்டினாள். குழந்தை கை தட்டிற்று. நானும் தட்டினேன். பிறகு எல்லோரும் வடை தின்று காப்பி குடித்தோம். ஒரு மணி நேரம் கழித்து நண்பர் உள்ளேயிருந்து ஒரு காகிதத்தோடு வந்து பலகையில் ஒட்டினார். முதலில் வந்த இளைஞனுக்கு நாலாவது இடம். அவன் பலகைக்கு எதிரே நின்று, தசம ஸ்தானங்களின் மேல் விரலை ஓட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் பாயைச் சுருட்டப் போய்விட்டான்.

முதற் பரிசுக்காரர் யார் என்று தேடினோம். அவர் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்தவர். தாம் ஜயித்த செய்தி அவருக்கே தெரியாது!

ஒரு மனிதன் ஜயிக்கிற நிமிஷத்தில் தான் ஜயிக்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? தோற்கிறவனுக்குத் தன்னை முந்திப் போகிற முதுகு கண்ணில் பட வேண்டாமா? கடைசி அத்தியாயத்தை வேறொருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதித் தபாலில் அனுப்புகிற நாவலை நீங்கள் படிப்பீர்களா? ஆஸ்திரேலியாவில் 1945 முதல் நடந்து வரும் ஸிட்னி–ஹோபார்ட் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹோபார்ட் போய்ச் சேரும் படகைத்தான் பத்திரிகைகள் படம் பிடிக்கும். ஜனங்கள் கரையில் கூடி ஆரவாரம் செய்வார்கள். ஆனால் பந்தயத்தின் தலையாய கோப்பை ஹாண்டிகாப் கணக்கில் முந்துகிறவருக்கு. அவர் பின்னால் எப்போதாவது வந்து சேருவார்.

நண்பரின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மேல் வழக்குப் போடுவார். பாய்ப்படகின் வேகம் பெரும்பாலும் தண்ணீரில் படியும் நீளத்தைப் பொறுத்தது. நீளப் படகு வேகமாகப் போகும். அது மாலுமியின் சாமர்த்தியம் அல்ல, தண்ணீரின் குணம். 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் நேரச் சலுகை கிடையாது. 170 டன் 'அமெரிக்கா' ஜயித்தது. அடுத்தபடி வந்த 'அரோரா' வெறும் 47 டன். "யானையோடு ஆட்டுக்குட்டியை ஓடவிட்டு, யானைக்கு மாலை போட்டால் அது நியாயமா?" என்று நண்பர் கேட்கிறார்.

நியாயம் இல்லைதான். ஆனால் அதற்கு மருந்து என்ன? ஆட்டுக்குட்டி ஒரு மைல் ஓடினால் அரை மைல் கூடச் சேர்த்து எழுதிக்கொள்வதா? எங்கள் தென் ஜில்லாக்களில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று தரம் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுவார்கள். பூஞ்சிட்டு பூஞ்சிட்டோடு ஓடும். கொடியைத் தாண்டினால் ஜயம், கணக்கப்பிள்ளைக்கு வேலையில்லை. பாய்ப்படகுக்காரர்களில் ஒரு சாராரும் இதைத்தான் செய்தார்கள். எல்லாப் படகும் ஒரே வரைபடத்தில், ஒரே அளவில், ஒரே பாயோடு செய்து, மனிதனை மட்டும் மாற்றி ஓட்டினார்கள். அதற்கு ஒன்-டிசைன் என்று பெயர். நான் ஒரே அச்சு என்கிறேன்.

ஹாண்டிகாப்பின் பாவம் வெறும் மனக்கசப்போடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அது படகையே கெடுத்தது, ஆளையும் கொன்றது.

ஒரு படகுக்கு எவ்வளவு சலுகை என்று தீர்மானிக்க அதை அளக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு சூத்திரம் வேண்டும். சூத்திரம் எங்கே எதை அளக்கிறது என்று தெரிந்தவுடன், படகு வரைகிறவன் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சூத்திரத்தைப் பார்க்கத் தொடங்குகிறான். வருமான வரிச் சட்டம் வந்ததும் வரி வக்கீல்கள் முளைத்தார்களே, அந்த மாதிரி. 1855-இல் இங்கிலாந்தில் வந்த தேம்ஸ் அளவு முறை நீளத்தையும் அகலத்தையும் அளந்தது, ஆழத்தை அளக்கவில்லை. அகலத்தில் பாதிதான் ஆழம் என்று தானாகவே வைத்துக்கொண்டது. ஆகவே அகலத்துக்கு அதிக வரி, ஆழத்துக்கு வரியே இல்லை! விளைவு என்ன? வருஷத்துக்கு வருஷம் படகுகள் ஒடுங்கின, ஆழமாயின, அடியில் ஈயத்தைச் சுமந்தன. பின்னால் வந்த விதியும் அகலத்தை விடவில்லை. கடைசியில் பலகையை விளிம்பில் நிறுத்தியது போன்ற படகுகள் பிறந்தன.

அப்படிப் பிறந்த ஒன்றுதான் 'ஊனா'. தண்ணீர்மட்டத்தில் நீளம் சுமார் 34 அடி. அகலம் 5½ அடி. நம் வீட்டு ஊஞ்சற்பலகை நீளத்துக்கு ஓர் அகலம்! அதை வரைந்தவர் வில்லியம் பேட்டன் என்பவர். 1886-இல் அந்தப் படகை அயர்லாந்துக்குக் கொண்டுபோனபோது அவரும் அதில் இருந்தார். டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் கரையோரம் புயலில் அகப்பட்டு உடைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் அகலத்தின் மேலிருந்த வரியை எடுத்துவிட்டு, நீளத்தையும் பாயையும் அளக்கும் புது விதி வந்தது. சூத்திரத்துக்காகப் படகு வரைந்தவர் அந்தப் படகிலேயே போய்ச் சேர்ந்த பிறகு!

புது விதியாவது பிழைத்ததா? நீளத்தைத் தண்ணீர்மட்டத்தில், படகு சும்மா நிற்கும்போது அளந்தார்கள். உடனே முன்னாலும் பின்னாலும் தண்ணீருக்கு மேலே மூக்கும் வாலும் நீண்டன. படகு சாய்ந்து ஓடும்போது அந்த மூக்கும் வாலும் தண்ணீரில் படிந்து, அளக்கப்படாத நீளத்தைக் கொடுத்தன. 1903-இல் லிப்டனின் மூன்றாவது ஷாம்ராக்கைத் தோற்கடித்த ரிலையன்ஸ், நிற்கும்போது தண்ணீர்மட்டத்தில் 90 அடிக்குச் சற்றுக் குறைவு. முழு நீளம் 144 அடி. பாய் 16,000 சதுர அடிக்கும் மேல். இந்த ராட்சஸப் படைப்பு என்ன ஆயிற்று? பத்து வருஷத்துக்குள் உடைத்துப் போட்டார்கள். இதை வரைந்த நத்தானியல் ஹெரஷாஃப் மகா மேதை. இப்படிப்பட்ட படகுகள் பிறக்கவே கூடாது என்று வேறொரு விதியை எழுதிக் கொடுத்தவரும் அவரேதான். திருடன் மனம் மாறிப் பூட்டுச் செய்து கொடுத்த கதை.

1970-களில் சர்வதேச விதி ஒன்று வந்தது. அளவு கோல் படும் இடங்களில் படகின் உடம்பில் புடைப்பு வைத்தார்கள், வாலைக் குறுக்கினார்கள். எளிதில் சாயும் படகுக்கு அந்த விதி சலுகை தந்தது. ஆகவே எளிதில் சாயும் படகுகளைச் செய்தார்கள். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பந்தயத்துக்கு 303 படகுகள் கிளம்பின. வழியில் பெரும் புயல். பந்தயக்காரர்கள் 15 பேர் மாண்டார்கள். அத்தனை சாவுக்கும் விதிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; புயல் யாரையும் அளந்து பார்த்து அடிப்பதில்லை. ஆனால் கவிழ்ந்தால் நிமிரும் குணம் அந்தப் படகுகளில் எத்தனைக்கு இருந்தது என்ற கேள்வி விசாரணையில் எழத்தான் எழுந்தது. விதி அளப்பதற்காக வந்ததா, படகை வளைப்பதற்காக வந்ததா?

'ஊனா' உடைந்த கரைக்கு மிகச் சமீபத்திலேதான் ஒரே அச்சும் பிறந்தது என்பது எனக்கு வெகு பொருத்தமாகப் படுகிறது. டப்ளின் வளைகுடாவில் தாமஸ் மிடில்டன் என்பவர், எல்லோரும் ஒரே மாதிரியான சிறு படகு செய்துகொள்வோம் என்று யோசனை சொன்னார். பணமுள்ளவன் வருஷா வருஷம் புதுப் படகு கட்டி முந்துவதும், இல்லாதவன் படகு ஒரே வருஷத்தில் விறகாவதும் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1887-இல் அந்தப் படகுகள் தண்ணீரில் இறங்கின. 'வாட்டர் வாக்' என்று பெயர். 1900-இல் அதன் உருவத்தைத் திருத்தி வரைந்தவர் படகு கட்டும் ஆசாரி ஒருவரின் மகள், மேமி டாய்ல். அதே படகு டன் லியரித் துறைமுகத்தில் இன்றும் பந்தயம் ஓடுகிறது. ரிலையன்ஸின் ஓர் ஆணி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இனி நண்பரின் மறு கணை. "நாங்கள் இப்போது அளவுகோலையே பிடிப்பதில்லை. போர்ட்ஸ்மவுத் கணக்கு என்று ஒன்று உண்டு. படகுகள் நிஜமாக ஓடிய பந்தய முடிவுகளிலிருந்தே ஒவ்வொரு ஜாதிப் படகுக்கும் ஓர் எண் கொடுப்போம். ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் தீர்ந்தது. இதில் யார் ஏமாற்ற முடியும்?"

ஏமாற்ற முடியாதுதான், ஆனால் அந்த எண்ணுக்குள்ளே படகு மட்டுமா இருக்கிறது? அதை ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஜாதிப் படகைக் கெட்டிக்காரர்களாக விரும்பி வாங்கினால் அந்த எண் இறங்கும்; அசடர்கள் வாங்கினால் ஏறும். நன்றாக ஓட்டியதற்கு அபராதம், சோம்பலுக்கு மானியம்! "ஏழைக்குக் கைதூக்கி விடுவது தப்பா?" என்று அவர் அடுத்தபடி கேட்பார். அதுவும் ஒரு மயக்கு வாதம். சமுதாயத்தில் கைதூக்கி விடுவது மனிதனை. இங்கே சலுகை மரத்துக்கு. அந்த மரத்தைப் புது விதிக்குத் தகுந்தபடி வரைய நிபுணனை அமர்த்த முடிந்தவன் ஏழையும் அல்ல.

ஒரே அச்சிலும் குற்றம் இல்லாமல் இல்லை. 1970-இல் பந்தயத்துக்கு இறங்கிய லேஸர் என்ற படகைப் பாருங்கள். கனடாக்காரர் புரூஸ் கர்பி டெலிபோனில் பேசிக்கொண்டே கிறுக்கிய படம். ஒரே ஆள் ஓட்டுவது. காரின் தலையில் தூக்கிக் கட்டிக்கொண்டு போகலாம். இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அவ்வளவும் ஒரே அச்சு என்றால் அச்சு வைத்திருப்பவனுக்கு ராஜயோகம்தானே? பெயருக்கும் உரிமைக்கும் தகராறு முற்றி, 2019-இல் அந்தப் படகுக்கு ஐ.எல்.சி.ஏ. என்று புதுப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று. பணக்காரன் இங்கேயும் மாதம் ஒரு புதுப் பாய் வாங்கலாம். ஒரே படகில் கனத்த ஆளுக்கு ஒரு காற்று, மெலிந்த ஆளுக்கு ஒரு காற்று அனுகூலம் என்பதும் வாஸ்தவம். ஆனால் அதற்கு அவர்கள் கண்ட வழி என்ன? மெலிந்தவர்களுக்காக அதே படகின் மேல் சிறிய பாய் ஒன்றை ஏற்றித் தனிப் பிரிவாக்கினார்கள். நடுமாடு, பூஞ்சிட்டு! தசம ஸ்தானம் கேட்கவில்லை.

படகு வரையும் கலை செத்துப் போகும் என்றும் ஒரு புலம்பல் உண்டு. வரையட்டுமே, யார் தடுத்தார்கள்? புதிதாக வரைந்து அதைக் கடலில் விட்டு அழகு பார்க்கட்டும். மனிதர்களின் பந்தயத்தைத் தங்கள் பரீட்சைக் கூடம் ஆக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆளுக்கொரு தினுசுப் படகு வைத்திருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஓடி, கணக்குப் போட்டு, சிரித்துக்கொண்டே பிரிவதையும் நான் குற்றம் சொல்லவில்லை. அது விருந்து. விருந்தில் சின்னக் குழந்தைக்கு முதல் இலை போடுவது மரியாதை. அதையே பரீட்சை முடிவு என்று பலகையில் ஒட்டும்போதுதான் எனக்கு அந்த இளைஞன் பாயைச் சுருட்டியது ஞாபகம் வருகிறது.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்ற பெண்ணைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். அவர் ஓட்டியது மேலே சொன்ன சிறிய பாய்ப் பிரிவில். டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தபோது அந்தப் பிரிவில் படகுகளைப் போட்டி நடத்துகிறவர்களே கொடுத்தார்கள்; எந்த நாட்டாரும் தங்கள் தச்சனின் மேதாவிலாசத்தைக் காட்ட இடமில்லை. நேத்ராவுக்குக் கிடைத்தது 35-ஆவது இடம். இதைப் பெரிய வெற்றி என்று யாரும் தாளம் போடவில்லை. ஆனால் அந்த 35 அவருடையது. படகு சரியில்லை என்றோ, கணக்குச் சரியில்லை என்றோ அவருக்கு ஒதுங்க நிழலில்லை; தமக்கு முன்னால் போன 34 பேரையும் எதிரே பார்த்துவிட்டுத் திரும்பினார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டி மார்ஸேயில் நடந்தபோது அவர் இடம் 21. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எந்தக் கணக்கப்பிள்ளையும் இல்லை.

இவ்வளவையும் எழுதி நண்பரிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. பென்ஸிலை எடுத்து ஒரே ஒரு திருத்தம் செய்தார். நான் ஆரம்பத்தில் லிப்டனின் தோல்வியை 7 நிமிஷம் என்று எழுதியிருந்தேன்.

"7 நிமிஷம் 1 விநாடி" என்றார். "அந்த ஒரு விநாடியையும் போடும், ஓய்."

போட்டிருக்கிறேன்.